பூமி வெடிப்பில் வரும் "கடவுள் மூச்சு"

(பகுத்தறிவுக் கூட்டமொன்றில் பேசிய பேச்சு)



பூமிக்குள் வெகு ஆழத்திலிருந்து வாயுக்கள் எப்படி மேலே வருகின்றன என்பதைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டுக் கொண்டார்கள். தலைப்பைக் கேட்டவுடன், "இது பள்ளிக்கூடத்துப் பாடமாயிற்றே, நமக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?" என்று உங்களில் சிலருக்குத் தோன்றலாம். சம்பந்தம் இருக்கிறது. இந்த வாயுவைக் காட்டிப் பிழைத்தவர்கள் உண்டு. இந்த வாயுவைப் பற்றித் தெரியாமலே செத்தவர்களும் உண்டு. பிழைத்தவன் யார், செத்தவன் யார் என்பதுதான் இன்று நான் சொல்ல வந்த சங்கதி.

முதலில் ஒரு கேள்வி. ஒரு குகைக்குள் எருதும் பூசாரியும் சேர்ந்து போகிறார்கள். எருது செத்து விழுகிறது. பூசாரி உயிரோடு திரும்பி வருகிறான். இதற்குக் காரணம் என்ன?

இது கட்டுக்கதை அல்ல. துருக்கி தேசத்தின் மேற்குப் பாகத்தில் பாமுக்கலே என்று ஓர் ஊர் உண்டு. அந்தப் பாஷையில் அதற்குப் "பஞ்சுக் கோட்டை" என்று அர்த்தம். வெந்நீர் ஊற்றுகள் கொண்டுவந்து கொட்டிய சுண்ணாம்பு, மலைச்சரிவு முழுவதும் வெள்ளை வெளேரென்று படிந்திருக்கிறது. அந்த இடத்தில் பழைய காலத்தில் ஹியராபொலிஸ் என்ற நகரம் இருந்தது. அங்கே ஒரு சிறு குகை. அதைப் புளூட்டோவின் வாசல் என்பார்கள். புளூட்டோ என்பவன் பாதாள லோகத்துக்கு அதிபதி. நம்மவர்கள் யமனைச் சொல்லுகிற மாதிரி வைத்துக் கொள்ளுங்கள்.

திருவிழாக் காலத்தில் அந்தக் குகைக்குள் எருதுகளை ஓட்டுவார்கள். போன மாடு போனதுதான். செத்த பிறகுதான் இழுத்துக் கொண்டு வரவேண்டும். கூடவே போகும் பூசாரிகளுக்கு மட்டும் ஒன்றும் ஆவதில்லை. அவர்கள் ஒரு பெண் தெய்வத்துக்காகத் தங்கள் ஆண்மையை நீக்கிக் கொண்டவர்கள். ஆகையால் அவர்களுக்குத் தெய்வத்தின் காவல் உண்டு என்று ஜனங்கள் நம்பினார்கள். எதிரே படிக்கட்டுகளில் உட்கார்ந்து இந்தக் காட்சியைப் பார்த்துக் கைகூப்பினார்கள். அந்தப் படிகளை இன்றும் தோண்டி எடுத்து வைத்திருக்கிறார்கள்.

சுமார் 2000 வருஷங்களுக்கு முன் ஸ்ட்ரேபோ என்ற கிரேக்க பூகோள ஆசிரியர் அந்த இடத்துக்குப் போனார். அவர் கைகூப்பவில்லை. சில சிட்டுக்குருவிகளை உள்ளே எறிந்து பார்த்தார்; அவை உடனே செத்து விழுந்தன. பிறகு பூசாரிகளின் முகத்தை உற்றுப் பார்த்தார். மூச்சு முட்டுகிறவன் முகம் எப்படியிருக்குமோ அப்படி இருந்தது. இவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு போகிறார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் இது ஆண்மை நீக்கியதாலா, தெய்வ சக்தியாலா, ஏதாவது மருந்தாலா, மூச்சை அடக்குவதாலா என்று நாலையும் எழுதி வைத்துவிட்டுப் போனார். அந்தக் காலத்தில் அவ்வளவுதான் முடியும். எறிந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியதே, அதுவே பெரிது.

தோழர்களே! அந்தக் குகைக்குள் இருந்தது என்ன? அதைத் தெரிந்து கொள்வதற்குப் பூமி எப்படியிருக்கிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நாம் நிற்கிற தரை ஒரே பாளமாக இல்லை. பல இடங்களில் பாறை உடைந்து, ஒரு பக்கம் மேலேறியும் மறுபக்கம் கீழிறங்கியும், அல்லது பக்கவாட்டில் நகர்ந்தும் கிடக்கிறது. இப்படி உடைந்து நகர்ந்த இடத்தைத்தான் பூமி நூலார் பிளவு என்கிறார்கள். சில பிளவுகள் நூற்றுக்கணக்கான மைல் நீளமுள்ளவை. பல மைல் ஆழம் போகிறவை. பூகம்பம் என்பது பெரும்பாலும் இப்படிப்பட்ட பிளவின் இரு பக்கங்களும் திடீரென்று நழுவுவதுதான். ஆதிசேஷன் தலை மாற்றிக் கொள்வதல்ல.

இனி, ஆழத்தில் வாயு எப்படி உண்டாகிறது? நம் ஊர்ச் சுண்ணாம்புக் காளவாயைப் பார்த்திருப்பீர்கள். சுண்ணாம்புக் கல்லைப் போட்டு வேக வைத்தால் கல்லிலிருந்து கரியமில வாயு போய்விடுகிறது. மிச்சம் சுட்ட சுண்ணாம்பு. பூமிக்குள்ளும் அதே மாதிரி வேலை நடக்கிறது. ஆழம் போகப் போக உஷ்ணம் அதிகம். அங்கே அகப்பட்ட சுண்ணாம்புப் பாறைகள் வெந்து கரியமில வாயுவைக் கக்குகின்றன. அதற்கும் கீழேயிருக்கிற பாறைக் குழம்பிலிருந்தும் அந்த வாயு வருகிறது. பழங்காலத்துச் செடிகொடிகளும் சிற்றுயிர்களும் மண்ணில் புதைந்து வெந்த இடங்களில் மீத்தேன் என்ற எரிகிற வாயு உண்டாகிறது. யுரேனியம், தோரியம் முதலிய கனமான உலோகங்கள் தாமாகவே சிதைவதால் ஹீலியமும் ரேடானும் உண்டாகின்றன.

உண்டான வாயு மேலே எப்படி வருகிறது? கோலி சோடாவை நினைத்துக் கொள்ளுங்கள். கோலி அடைத்திருக்கும் வரை உள்ளேயிருக்கிற வாயு தண்ணீரோடு கரைந்து சும்மா கிடக்கிறது. கோலியைத் தட்டினவுடன் நுரைத்துக் கொண்டு பொங்குகிறது. பூமிக்குள் மேலே கிடக்கிற பாறைகளின் பாரந்தான் கோலி. அந்தப் பாரத்தால் வாயு ஆழத்துத் தண்ணீரில் கரைந்து கிடக்கிறது. கெட்டியான பாறை வழியாக அது வெளியே வரவேண்டுமானால் யுகக்கணக்கில் ஆகும். ஆனால் பிளவு இருக்கிற இடத்தில் இரு பக்கமும் பாறை நொறுங்கி, ஆயிரக்கணக்கான சிறு சிறு வெடிப்புகள் விழுந்திருக்கின்றன. தண்ணீர் அவற்றின் வழியாக மேலே ஏறுகிறது. ஏற ஏறப் பாரம் குறைகிறது. வாயு குமிழி விடுகிறது. குமிழி தண்ணீரைவிட இலேசாகையால் இன்னும் வேகமாக ஏறுகிறது. ஹீலியம், ரேடான் போன்ற கொஞ்சமாயிருக்கிற வாயுக்கள் தனியாக அதிக தூரம் போகமாட்டா. ரேடான் நாலு நாளைக்குள் பாதி அழிந்துவிடும். ஆனால் கரியமில வாயுவும் மீத்தேனும் மொத்தமாக ஏறும்போது, பெரிய வண்டியில் தொற்றிக்கொண்டு வருகிற மாதிரி இவையும் கூட வந்து சேர்ந்துவிடுகின்றன.

பிளவு என்றால் எல்லா இடத்திலும் திறந்த வாசல் என்று எண்ணிவிடக் கூடாது. பிளவின் நடுவில், பாறைகள் ஒன்றோடொன்று அரைபட்டு, அம்மியில் அரைத்த மாதிரி நைசான களிமண்ணாகி வழியை அடைத்துவிடுவதும் உண்டு. தண்ணீர் கொண்டுவந்த சுண்ணாம்பும் மற்ற உப்புகளும் வெடிப்புகளை மூடிவிடுவதும் உண்டு. பிறகு ஒரு பூகம்பம் வந்து மறுபடியும் திறந்துவிடும். அதனால்தான் வாயு ஒரே கோடாக வராமல், பிளவின் ஓரமாக அங்கங்கே திட்டுத் திட்டாக வருகிறது. இதைத் தெரிந்துகொண்டு, மண்ணில் துளையிட்டு வரிசையாக வாயுவை அளந்து, கண்ணுக்குத் தெரியாமல் புதைந்து கிடக்கும் பிளவுகளைக்கூடக் கண்டுபிடிக்கிறார்கள்.

"இது அவ்வளவு ஆழத்திலிருந்து வருகிறது என்று எப்படித் தெரியும்? யார் போய்ப் பார்த்தார்கள்?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். ஹீலியத்தில் இரண்டு ஜாதி உண்டு. இந்த ஜாதியை மனிதன் உண்டாக்கவில்லை. எடையால் உண்டான வித்தியாசம். ஒன்று மேலேயுள்ள பாறைகளில் யுரேனியம் சிதைவதால் உண்டாவது. எடை குறைந்த மற்றொன்று, பூமி உண்டான காலந்தொட்டு ஆழத்தில் அகப்பட்டுக் கிடப்பது. கலிபோர்னியாவில் சான் ஆண்ட்ரியாஸ் என்ற பெரும் பிளவின் ஓரத்திலுள்ள ஊற்றுகளிலும் கிணறுகளிலும் இந்த ஆழத்து ஹீலியம் கலந்திருக்கிறது என்று 1997இல் அளந்து வெளியிட்டார்கள். அங்கே எரிமலைகூட இல்லை. ஆகவே பிளவுதான் வழி என்பது ருஜுவாகிறது. வாயு தன் ஊர்ப் பெயரைத் தானே சொல்லிக்கொண்டு வருகிறது. அதற்கு ஞானதிருஷ்டி வேண்டியதில்லை.

இனி எருதையும் பூசாரியையும் பார்ப்போம்.

புளூட்டோவின் வாசலைத் தோண்டிக் கண்டுபிடித்ததாக இத்தாலியப் புதைபொருள் ஆராய்ச்சியாளர் பிரான்செஸ்கோ தாந்திரியா 2013இல் அறிவித்தார். தோண்டும்போதே, வெதுவெதுப்புக்காக வாசலண்டை வந்த பறவைகள் செத்து விழுந்தனவாம். ஸ்ட்ரேபோவின் குருவிகள் செத்த இடத்திலேயே 2000 வருஷங்களுக்குப் பிறகும் குருவி சாகிறது. புளூட்டோவைக் கும்பிடுகிற ஜனம் உலகத்தில் இல்லாமற் போய்விட்டது. வாயு மாத்திரம் நிற்கவில்லை.

அந்தக் கோயில் ஒரு பிளவின் மேலேயே கட்டப்பட்டிருக்கிறது. ஹார்டி ஃபான்ஸ் என்ற ஜெர்மன் உயிர்நூல் அறிஞரும் அவருடைய கூட்டாளிகளும் கருவி வைத்து அளந்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். நாம் சுவாசிக்கிற காற்றில் கரியமில வாயு 10,000 பங்கில் சுமார் 4 பங்குதான். அந்தக் குகைக்குள் நூற்றுக்கு 91 பங்கு! வாசலில் உயரத்துக்குத் தக்கபடி நூற்றுக்கு 4 முதல் 53 வரை. நூற்றுக்கு 10 பங்கைத் தாண்டினாலே மனிதனுக்கு நினைவு தப்பும். 30 பங்கு இருந்தால் சில மூச்சிலேயே விழுந்துவிடுவான்.

இந்த வாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். ஆகையால் தண்ணீரைப்போலத் தாழ்ந்த இடத்தில் தேங்குகிறது. பகலில் வெயில் பட்டுக் கலைந்துவிடுகிறது. இரவில் குளம்போலக் கட்டிக்கொள்கிறது. விடியற்காலையில் தரையிலிருந்து 40 சென்டிமீட்டர் உயரத்தில் நூற்றுக்கு 35 பங்கு இருந்தது. அதற்கு மேலே போகப் போக வேகமாகக் குறைந்துவிட்டது.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். எருதின் மூக்கு எங்கே இருக்கிறது? பூசாரியின் மூக்கு எங்கே இருக்கிறது? எருது மிரண்டு மூச்சு வாங்குகிறது, தலையைத் தாழ்த்துகிறது, விழுகிறது. பூசாரி நிமிர்ந்து நிற்கிறான். தாழ்வான இடம் வந்தால் மூச்சை அடக்குகிறான். வேண்டிய நேரத்தில் வெளியே வருகிறான். இதிலே தெய்வம் எங்கே இருக்கிறது? உயரத்தில் இருக்கிறது, நேரத்தில் இருக்கிறது, பூசாரியின் நெஞ்சுக் கூட்டில் இருக்கிறது!

பூசாரியை முட்டாள் என்று நான் சொல்லவில்லை. அவன் நன்றாகக் கவனித்தவன். எந்த இடத்தில் சாவு, எந்த உயரத்தில் பிழைப்பு என்பதை அனுபவத்தில் தெரிந்து வைத்திருந்தவன். அந்த அறிவைத் தனக்குள் பூட்டி வைத்துக்கொண்டு, "எனக்கு மட்டும் கடவுள் தயவு" என்று மற்றவர்களுக்குச் சொன்னானே, அதுதான் குற்றம். தெரிந்ததைச் சொல்லியிருந்தால் அவன் ஆசிரியன். மறைத்ததால் பூசாரி ஆனான்.

"இது வேறு தேசத்துச் சமாச்சாரம்" என்று சொல்லித் தப்பித்துக் கொள்ளப் பார்ப்பார்கள். இந்தியாவில் ஹிமாசலப் பிரதேசத்திலுள்ள காங்கடாவில் ஜ்வாலாமுகி என்ற கோயில் இருக்கிறது. அங்கே விக்கிரகம் இல்லை. பாறை வெடிப்புகளில் எரிகிற நெருப்புதான் தேவி. அது எரிகிற மீத்தேன் வாயு. அந்த வட்டாரத்தில் ஓடுகிற பெரிய பாறைப் பிளவுக்குப் பூமி நூலார் ஜ்வாலாமுகிப் பிளவு என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். சுதந்திரம் வந்த பிறகு சர்க்கார் எண்ணெய் தேட ஆரம்பித்தபோது 1957இல் அந்தப் பக்கத்தில்தான் துளை போட்டார்கள். வியாபாரத்துக்குப் போதுமான வாயு கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். தேவியின் நாக்கு என்று சொல்லப்பட்ட இடத்தில் சர்க்கார் எண்ணெய் தேடிற்றா இல்லையா என்றுதான் கேட்கிறேன்.

இன்னும் வேடிக்கை கேளுங்கள். காஸ்பியன் கடலோரத்தில் பாக்கு நகரத்துக்குப் பக்கத்தில் சுரகானி என்ற ஊரில் ஒரு நெருப்புக் கோயில் உண்டு. வியாபாரத்துக்காக அவ்வளவு தூரம் போன வட இந்தியர்கள் அங்கே தங்கிப் பூஜை செய்தார்கள். சுவர்களில் சமஸ்கிருதத்திலும் பஞ்சாபியிலும் கல்வெட்டுகள் இன்றும் இருக்கின்றன. அந்த நெருப்பும் பூமியிலிருந்து வந்த வாயுதான். சுற்றிலும் எண்ணெயும் வாயுவும் எடுக்க எடுக்க, 1969இல் அந்த அணையா நெருப்பு அணைந்துவிட்டது! இப்போது குழாய் வைத்து ஊர் வாயுவைக் கொண்டுவந்து எரிக்கிறார்கள். காட்சிசாலையாக வைத்திருக்கிறார்கள், அதில் தப்பில்லை. ஆனால் குழாயின் திருகைத் திருகினால் தெய்வம் வரும், போகும் என்பது எவ்வளவு தெளிவாகிவிட்டது பார்த்தீர்களா?

தோழர்களே! இவ்வளவும் சொல்லிவிட்டு நம் பக்கத்துக்கும் ஓர் எச்சரிக்கை சொல்லாவிட்டால் நான் நாணயமுள்ளவன் ஆகமாட்டேன். கிரேக்க தேசத்தில் டெல்பி என்ற கோயிலில் ஒரு பெண் மயக்கத்தில் குறி சொல்லுவாள். தரையிலிருந்து வருகிற இனிய வாசனையுள்ள ஆவிதான் காரணம் என்று, அங்கேயே அர்ச்சகராயிருந்த புளூட்டார்க் எழுதி வைத்தார். 2001இல் சில அறிஞர்கள் அந்தக் கோயிலின் கீழே இரண்டு பிளவுகள் குறுக்கிடுகின்றன என்றும், பழம் பழுக்க வைக்கிற எதிலீன் வாயுவே மயக்கம் தந்தது என்றும் சொன்னார்கள். உடனே நம்மைப் போன்றவர்கள் "ஆகா!" என்று குதித்தோம். ஆனால் 2006இல் வேறு அறிஞர்கள் அதே இடத்தை அளந்துவிட்டு, மயக்கம் தரும் அளவுக்கு எதிலீன் அங்கே உண்டாக வழியில்லை. மீத்தேனும் கரியமில வாயுவும் சேர்ந்து பிராண வாயுவைக் குறைத்திருக்கலாம் என்று மறுத்தார்கள். நமக்குப் பிடித்த முடிவு என்பதற்காக ஒன்றை நம்பினால், நமக்கும் பக்தனுக்கும் என்ன வித்தியாசம்?

பூகம்ப ஜோசியமும் இப்படித்தான். 1966இல் தாஷ்கண்டில் பூகம்பம் வந்தபோது, அதற்கு முன்பே கிணற்றுத் தண்ணீரில் ரேடான் ஏறியிருந்தது தெரிந்தது. இனிப் பூகம்பத்தை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்று பலர் ஆசைப்பட்டார்கள். அத்தனை வருஷம் அளந்தும், நாளும் இடமும் சொல்ல இன்றைக்கும் முடியவில்லை. முடியவில்லை என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். எந்தப் பஞ்சாங்கக்காரனாவது அப்படி ஒப்புக்கொண்டதுண்டா?

இனி, செத்தவர்கள் யார் என்பதைச் சொல்லி முடிக்கிறேன்.

ஜாவாத் தீவில் டியெங் என்ற உயர்ந்த மேட்டு நிலம் உண்டு. பழைய கோயில்களும் உருளைக்கிழங்குத் தோட்டங்களும் நிறைந்த இடம். 1979ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 20ந் தேதி விடிவதற்கு முன் பூமி அதிர்ந்தது. ஓர் எரிமலை வாயில் நீராவியும் சேறும் வெடித்துக் கிளம்பின. ஜனங்கள் பிள்ளைகுட்டிகளைத் தூக்கிக் கொண்டு எதிர்த் திசையில் ஓடினார்கள். அந்தப் பக்கத்தில் நிலத்து வெடிப்புகளின் வழியாகக் கரியமில வாயு பெருகிப் பாதையின் மேலே வழிந்து கிடந்தது. நிறமில்லை, நெருப்பில்லை, பயப்படுவதற்கு ஒரு அடையாளமும் இல்லை. ஓடின வழியிலேயே 140 பேருக்கு மேல் விழுந்து செத்தார்கள். எரிமலை கொன்றதல்ல, தப்பி ஓடின வழி கொன்றது.

அவர்களுக்கு வாயு தாழ்ந்த இடத்தில் தேங்கும் என்று தெரிந்திருந்தால், பள்ளத்தை விட்டு மேட்டுக்கு ஏறியிருப்பார்கள். அதற்குப் பிறகு அங்கே கருவிகள் வைத்து அளந்து வருகிறார்கள். 2011இல் அதே மேட்டு நிலத்தில் திம்பாங் என்ற இடத்தில் வாயு மறுபடியும் அதிகமானபோது, பக்கத்து ஊராரை வெளியேற்றினார்கள். பழைய கோரம் மறுபடி நேரவில்லை. கலிபோர்னியாவிலுள்ள மாம்மத் மலையிலும், 1989இல் பல மாதம் சிறு சிறு அதிர்ச்சிகள் ஏற்பட்டு, 1990 முதல் மரங்கள் கூட்டங் கூட்டமாகப் பட்டுப் போயின. வறட்சியோ பூச்சியோ என்று எண்ணினார்கள். மண்ணை அளந்ததில், பிளவின் வழியாக வந்த கரியமில வாயு வேர்களின் மூச்சை அடைத்தது தெரிந்தது. உடனே மனிதர்களுக்கு எச்சரிக்கைப் பலகை நாட்டினார்கள். ஹியராபொலிஸ் பூசாரியும் வாயுவைத் தெரிந்தவன், இவர்களும் தெரிந்தவர்கள். அவன் படிக்கட்டு கட்டிக் காட்சி காட்டினான். இவர்கள் பலகை நாட்டினார்கள். அறிவில் இல்லை வித்தியாசம். அதை யாருக்குக் கொடுத்தார்கள் என்பதில்தான் இருக்கிறது.

தாய்மார்களே! நம் கிராமத்துப் பாழுங்கிணற்றில் தூர் வாற இறங்கினவன் மயங்கி விழுகிறான். அவனைத் தூக்க அண்ணன் இறங்குகிறான், அவனும் வரவில்லை. பக்கத்து வீட்டான் இறங்குகிறான்; அவனும் வரவில்லை. மூன்று பிணம். "கிணற்றில் முனி இருக்கிறது" என்று சொல்லி எலுமிச்சம்பழம் அறுக்கிறார்கள். அந்த வாயு பூமிப் பிளவிலிருந்து வந்ததாக இருக்க வேண்டியதில்லை. இலையும் சேறும் அழுகியே உண்டாகும். ஆனால் பள்ளத்தில் தேங்குவதும், ஓசையில்லாமல் கொல்லுவதும் ஒன்றுதான். முன்னோர்கள் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள், அணைந்தால் இறங்கமாட்டார்கள். நல்ல யோசனைதான். ஆனால் விளக்கு அணையாவிட்டால் ஆபத்தில்லை என்று அர்த்தமல்ல. நெருப்பு அணையாத அளவிலேயே கொல்லும் வாயுவும் உண்டு. எரிகிற வாயு இருந்தால் விளக்கே வெடியாகிவிடும். ஆகையால் கருவி கொண்டு அளக்காமல் யாரும் இறங்க வேண்டாம். விழுந்தவனைத் தூக்க வெறும் மூக்கோடு இன்னொருவன் இறங்க வேண்டவே வேண்டாம். தீயணைப்புக்காரர்களைக் கூப்பிடுங்கள், அவர்களிடம் சுவாசக் கருவி இருக்கிறது.

நான் சொன்னதையும் நம்ப வேண்டாம். கேட்டுப் பாருங்கள், படித்துப் பாருங்கள், சரியென்று பட்டால் எடுத்துக் கொள்ளுங்கள். சரியென்று பட்டதைப் பூசாரியைப்போல உள்ளே பூட்டி வைத்துக்கொள்ளாமல், இன்று ராத்திரியே வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். கிணற்றுக்குள் முதலில் எட்டிப் பார்க்கிறவர்கள் அவர்கள்தான்.